நுண்துளை மென்படலம்: எந்த முறை, எந்தத் துளை?

முதுநிலை இயற்பியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "மின்னணுவியலுக்கும் ஒளியியலுக்கும் நுண்துளை மென்படலங்களை எப்படிச் செய்கிறார்கள்? நல்ல படலம் என்றால் ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதானே படித்தோம்? கல்லூரி ஆய்வகத்தில் ப்ராஜெக்டாகச் செய்ய எது தோதுப்படும்? எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடைக்காவிட்டால் துளை இருப்பதை எப்படிக் காட்டுவது?"

முதலில் ஏன் ஓட்டை வேண்டும் என்று பார்த்துவிடலாம். சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52. காற்றிலிருந்து நேராக வந்து விழும் ஒளியில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் ஒவ்வொரு பரப்பிலும் திரும்பிப் போய்விடும். இதைத் தடுக்க ஒற்றைப் படலம் பூசுவதென்றால், அதன் ஒளிவிலகல் எண் 1.52-இன் வர்க்கமூலமாக, அதாவது 1.23 ஆக இருக்க வேண்டும். தடிமன் கால் அலைநீளம். ஆனால் 1.23 உள்ள திண்மப் பொருளுக்கு எங்கே போவது? லென்ஸ்களுக்குக் காலங்காலமாகப் பூசும் மெக்னீசியம் ஃப்ளோரைடே 1.38தான். அதைப் பூசினால் பிரதிபலிப்பு 1.3 சதவீதம் வரை இறங்கி, அங்கேயே நின்றுவிடும். சிலிகா 1.46. அந்தச் சிலிகாவுக்குள் காற்றை அடைத்துவிட்டால்? கலவைப் பொருளின் ஒளிவிலகல் எண்ணைத் தரும் லோரென்ட்ஸ்-லோரென்ஸ் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 47 சதவீதம் துளை இருந்தால் 1.23 வந்துவிடுகிறது. 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு 112 நானோமீட்டர் தடிமன் போதும். இன்றைய சோலார் பேனல்கள் பலவற்றின் மேல்கண்ணாடியில் பூசியிருப்பது இதே வகை நுண்துளைச் சிலிகாதான். ஒரே நிபந்தனை, துளை அலைநீளத்தைவிட வெகு சிறியதாக இருக்க வேண்டும். சில பத்து நானோமீட்டர் வரை ஒளிக்குத் துளை தனியாகத் தெரியாது, சராசரிப் பொருள்தான் தெரியும். அதற்கு மேல் வளர்ந்தால் ஒளி சிதறிக் கண்ணாடி பால் படிந்ததுபோல ஆகிவிடும்.

சிப்பிலும் இதே கணக்குதான், ஒளிவிலகல் எண்ணுக்குப் பதில் மின்காப்பு மாறிலி. செம்புக் கம்பிகளுக்கு நடுவே உள்ள சிலிகாவின் மாறிலி 3.9. கம்பிகள் நெருங்க நெருங்க அவற்றுக்கு இடையிலான மின்தேக்குத் திறன் கூடி, சிக்னல் தாமதமாகும். கார்பன் கலந்த சிலிகா 3-க்குக் கீழே கொண்டுவந்தது. அதற்கும் கீழே, 2.5 பக்கம் இறங்க வேண்டுமென்றால் துளை போடுவதைத் தவிர வழியில்லை, ஏனென்றால் காற்றின் மாறிலி 1. ஆனால் அதே துளைக்குள் ஈரம் புகுந்தால் கதை முடிந்தது. தண்ணீரின் மாறிலி 80. துளி ஈரம் எல்லா லாபத்தையும் சாப்பிட்டுவிடும்.

மூன்றாவது காரணம் பரப்பளவு. 1991-இல் ஓ'ரீகனும் கிரெட்செலும் லொசானில் செய்த சாயமேற்றிய சூரிய மின்கலத்தில் டைட்டேனியாப் படலத்தின் தடிமன் வெறும் 10 மைக்ரான். ஆனால் 15 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் ஒட்டி நின்ற அந்தப் படலத்தின் உள்பரப்பு, வெளிப்பரப்பைப் போல 700 மடங்குக்கும் அதிகம். தட்டையான பரப்பில் ஓரடுக்குச் சாயம் ஒளியில் மிகச் சிறு பங்கைத்தான் உறிஞ்சும். இங்கே 7 சதவீதத்தைத் தாண்டிய திறன் கிடைத்தது.

சரி, செய்முறைக்கு வருவோம். துளை உண்டாக்க வழிகள் ஏராளம், பல வழிகளில் அது தானாகவே வந்துவிடும். உண்மையான வேலை, வந்த துளை இடிந்துவிழாமலும் அடைந்துபோகாமலும் காப்பதுதான். எந்த முறையை எடுத்தாலும் இந்த இடத்தில்தான் ப்ராஜெக்ட் தேறுமா தேறாதா என்பது முடிவாகும்.

முதலில் நுண்துளைச் சிலிக்கான். 1956-இல் பெல் ஆய்வகத்தில் ஊலிர் தம்பதியர் சிலிக்கானை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் மின்சாரம் செலுத்தி வழவழப்பாக்க முயன்றார்கள். மின்னோட்டம் குறைவாக இருந்தபோது வழவழப்புக்குப் பதிலாகப் பழுப்பும் சிவப்புமாக ஒரு படலம் வந்தது. அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1990-இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் லீ கேனம், இப்படிச் செய்த படலத்தை மேலும் பல மணி நேரம் அமிலத்தில் ஊறவைத்துத் துளைகளை அகலமாக்கினார். நடுவில் மிஞ்சிய சிலிக்கான் சில நானோமீட்டர் இழைகளாக மெலிந்தது. புற ஊதாவில் காட்டியபோது அது கண்ணுக்குத் தெரியும் சிவப்பில் ஒளிர்ந்தது. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட், அதுவும் மறைமுக வகை. ஒளிர்ந்தாலும் அகச்சிவப்பில் மங்கலாகத்தான் ஒளிர வேண்டும். அத்தனை சிறிய இடத்தில் எலக்ட்ரானை அடைத்ததால் இடைவெளி அகன்றுவிட்டது. அந்தப் பத்தாண்டில் இந்தத் துறைக்குள் எல்லோரும் குதித்ததற்குக் காரணம் இதுதான்.

இங்கே துளை ஏன் பக்கவாட்டில் விரியாமல் கீழ்நோக்கியே போகிறது? சிலிக்கான் கரைய அதன் பரப்புக்கு நேர்மின் துளைகள் வந்து சேர வேண்டும் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடத்தைத்தான் சொல்கிறேன், நாம் போடும் துளையை அல்ல). இரண்டு துளைகளுக்கு நடுவிலான சுவர் மெலிந்ததும் அவை அதற்குள் வர முடியாமல் போகும். ஆகவே சுவர் தப்பித்துக்கொள்ளும், நுனி மட்டும் கரைந்துகொண்டே போகும். வேஃபரில் (மெல்லிய சிலிக்கான் வில்லையில்) மாசு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் துளை 2 நானோமீட்டரிலிருந்து சில மைக்ரான் வரை மாறும். மின்னோட்டத்தைக் கூட்டினால் துளையளவு (படலத்தின் கனஅளவில் துளைகளுக்கு உள்ள பங்கு) கூடும். அதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போனால் ஒரே வேஃபருக்குள் அடர்த்தி மாறிமாறி வரும் அடுக்குகள், அதாவது குறிப்பிட்ட நிறத்தை மட்டும் பிரதிபலிக்கும் ஒரு ப்ராக் கண்ணாடி, தயார். வெற்றிட இயந்திரம் எதுவும் வேண்டாம், மின்னோட்டத்தை மாற்றும் ஒரு சிறு நிரல் போதும். எனக்குத் தெரிந்து இவ்வளவு செலவில்லாமல் இவ்வளவு நேர்த்தியான ஒளியியல் அடுக்கு வேறெந்த முறையிலும் வராது.

இடிந்துவிழும் பிரச்சினைக்கும் இதுவே நல்ல உதாரணம். எச்சிங் (அமிலத்தில் அரித்தெடுப்பது) முடிந்து கழுவிவிட்டு, காயட்டும் என்று வைக்கிறீர்கள். 5 நானோமீட்டர் துளைக்குள் தண்ணீரின் வளைபரப்பு இழுக்கும் அழுத்தம் எவ்வளவு? பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 58 மெகாபாஸ்கல் வரும், அதாவது 570 வளிமண்டலம். துளையளவு 80 சதவீதத்துக்கு மேல் போன படலம் இதைத் தாங்காது. காயும்போதே சேற்றுத் தரைபோல வெடித்து, செதில் செதிலாகச் சுருண்டு, ஊதினால் பறந்துவிடும். எத்தனாலில் கழுவினால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வரும். கடைசியாகப் பென்டேனுக்கு மாற்றினால் இன்னும் குறையும். அதற்கும் மசியாத படலங்களுக்குக் கார்பன் டையாக்சைடை 31 டிகிரி, 73 வளிமண்டலத்துக்கு மேல் கொண்டுபோய், திரவ-வாயு எல்லையே இல்லாமல் வெளியேற்ற வேண்டும். கேனம் குழுவினர் 1994-இல் இப்படித்தான் 95 சதவீதம் வெற்றிடமான சிலிக்கானை முழுசாகக் காயவைத்தார்கள்.

சூடும் துளைக்கு எதிரிதான். ஹைட்ரஜன் சூழலில் ஆயிரம் டிகிரி பக்கம் கொண்டுபோனால் சிலிக்கான் அணுக்கள் இடம்பெயர்ந்து சிறு துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இதைப் பாஷ் நிறுவனம் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது: மேலே துளை குறைந்த அடுக்கு, கீழே துளை மிகுந்த அடுக்கு என்று எச் செய்து, மேலே படிகச் சிலிக்கானை வளர்க்கிறார்கள். அந்தச் சூட்டில் கீழடுக்கு முழுவதும் கலைந்து ஒரு வெற்றுக் குழியாகிவிடும். மேலே இருப்பது அழுத்த உணரியின் சவ்வு. ஆக, துளை அழிவதையே ஒரு செய்முறைப் படியாக வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் ப்ராஜெக்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் விளையாட்டுச் சாமான் அல்ல. கண்ணாடியைத் தின்னும், அதனால் கலம் டெஃப்லானில் இருக்க வேண்டும். நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். அதற்குள் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயம் வரை பாதிக்கும். பழகிய மேற்பார்வையாளர், தனிப் புகைக்கூண்டு, கையெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் ஆகிய மூன்றும் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கக்கூடாது.

அலுமினியம் அந்த அளவுக்கு மிரட்டாது. வீட்டு ஜன்னலின் வண்ண அலுமினியச் சட்டமும் ஹார்டு அனோடைஸ்டு கடாயும் நுண்துளை அலுமினாப் படலம் போர்த்தியவைதான். சட்டத்தின் சாயம் துளைக்குள் இறங்கி, கொதிநீரில் துளைவாய் மூடப்பட்டு உள்ளேயே நின்றுவிடுகிறது. தொழிற்சாலையில் துளைகள் தாறுமாறாக இருந்தாலும் பாதகமில்லை. அவற்றைத் தேன்கூட்டு வரிசையில் நிறுத்த 1996-இல் மசுதாவும் சதோவும் ஒரு தந்திரம் செய்தார்கள். மிகத் தூய அலுமினியத் தகட்டை ஒருமுறை நீண்ட நேரம் அனோடைஸ் செய்ய வேண்டும், அதாவது அமிலத்தில் நேர்மின்முனையாக வைத்து மின்சாரம் செலுத்தி ஆக்சைடு வளர்க்க வேண்டும். மேலே ஒழுங்கற்று ஆரம்பிக்கும் துளைகள் ஆழம் போகப்போக ஒன்றையொன்று தள்ளி, தாமே வரிசைக்கு வந்துவிடும். இப்போது அந்த ஆக்சைடு முழுவதையும் கரைத்தெடுத்துவிட்டால், அடியில் உலோகத்தில் வரிசையான குழிகள் தடமாக மிஞ்சும். இரண்டாம் முறை அனோடைஸ் செய்தால் ஒவ்வொரு துளையும் அந்தக் குழியிலிருந்தே கிளம்பி நேராக இறங்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், வோல்ட்மீட்டரே அளவுகோல். ஒரு வோல்ட்டுக்குத் துளைகளின் இடைவெளி 2.5 நானோமீட்டர். 0.3 மோலார் ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட் வைத்தால் 100 நானோமீட்டர். கந்தக அமிலத்தில் 25 வோல்ட்டுக்கு 63. பாஸ்ஃபாரிக் அமிலத்தில் 195 வோல்ட் வரை போனால் 500. ஒழுங்கு நன்றாக அமைவது இந்தச் சோடிகளில்தான், நடுவே எதையாவது வைத்தால் வரிசை குலையும். நல்ல வரிசை அமைந்த படலத்தில் துளைகளின் பங்கு 10 சதவீதம் பக்கம் நிற்கும், ஆகவே 40 வோல்ட்டில் துளையின் விட்டம் சுமார் 33 நானோமீட்டர். பிறகு நீர்த்த பாஸ்ஃபாரிக் அமிலத்தில் ஊறவைத்து வேண்டிய அளவுக்கு அகலப்படுத்திக்கொள்ளலாம்.

சுவிட்சைப் போட்டதும் மல்டிமீட்டரையே பாருங்கள். மின்னோட்டம் சடாரென்று விழும், அப்போது தடுப்பு ஆக்சைடு ஒரே சீராக வளர்கிறது. அடிமட்டத்தைத் தொட்டு மெல்ல ஏறும், அந்த ஏற்றம்தான் துளைகள் பிறக்கும் நேரம். அப்புறம் ஒரு மட்டத்தில் நிலைத்துவிடும். இந்த வளைவு சரியாக வராவிட்டால் படலமும் சரியாக வராது. மின்னோட்டம் ஏறிக்கொண்டே போனால் தகடு சூடாகிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு, ஐஸ் குளியல் போட்டுக் கலக்கிக்கொண்டே செய்யுங்கள். ஆபத்து இங்கேயும் உண்டு. முதல் ஆக்சைடைக் கரைக்கும் குரோமிக் அமிலம் புற்றுநோய்க் காரணி. தகட்டை மெருகேற்றப் பயன்படும் பெர்குளோரிக் அமில-எத்தனால் கலவை சூடானால் வெடிக்கும். கழிவைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வராதீர்கள்.

இப்படிக் கிடைக்கும் அலுமினா, நானோகம்பி வார்க்கும் அச்சு. துளைக்குள் நிக்கலோ தங்கமோ மின்முலாம் வழியே இறக்கி, பிறகு அலுமினாவைக் காரத்தில் கரைத்தால் கம்பிகள் புல்போல நிற்கும். ஆனால் ஒவ்வொரு துளையின் அடியிலும் மின்சாரம் கடத்தாத தடுப்பு அடுக்கு ஒன்று இருக்கிறது, 40 வோல்ட்டுக்கு 40 நானோமீட்டருக்குக் குறையாது. முடிப்பதற்கு முன் வோல்ட்டைப் படிப்படியாக இறக்கி அதை மெலிதாக்காவிட்டால் முலாம் சீராக ஏறாது.

கல்லூரி ஆய்வகத்துக்கு என் ஓட்டு, கரைசலைப் பூசி இறுகவைக்கும் சோல்-ஜெல் முறைக்கு. டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் (சிலிகா இதிலிருந்துதான் வரும்), எத்தனால், கொஞ்சம் தண்ணீர், ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு சோப்பு மூலக்கூறு, இவ்வளவுதான் சாமான். சோப்பு என்றது சி.டி.ஏ.பி. அல்லது ப்ளூரானிக் எஃப்127. கரைசலில் சோப்பு நீர்த்துத்தான் இருக்கும். கண்ணாடியை முக்கி மெதுவாக மேலே இழுக்கும்போது எத்தனால் ஆவியாகி, சில நொடிகளில் சோப்பின் செறிவு எகிறும். உடனே மூலக்கூறுகள் உருளைகளாகத் திரண்டு அடுக்கடுக்காக ஒழுங்காகிவிடும். சிலிகா அவற்றைச் சுற்றி இறுகும். பிறகு சூடாக்கிச் சோப்பை எரித்துவிட்டால் அது இருந்த இடம் துளை. மொபில் நிறுவனம் 1992-இல் தூளாகச் செய்த எம்.சி.எம்.-41 என்ற நுண்துளைச் சிலிகாவை, 1997-இல் சாண்டியா ஆய்வகத்தின் பிரிங்கர் குழு இப்படித் தொடர்ச்சியான படலமாக இழுத்துக் காட்டியது.

அமிலம் எதற்கு என்று கேட்பார்கள், வைவாவில் நிச்சயம் கேட்பார்கள். பி.எச். 2-ஐ ஒட்டிச் சிலிகா இறுகும் வேகம் மிகக் குறைவு. சோப்பு ஒழுங்காக அமர்ந்து முடிப்பதற்குள் சிலிகா கெட்டியாகிவிட்டால் எல்லாம் பாழ், அதற்குத்தான் இந்தத் தாமதம். இன்னொன்று, காற்றின் ஈரப்பதம். படலம் ஈரமாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் காற்றிலிருந்து அது தண்ணீரை உறிஞ்சும், எந்த அமைப்பு உருவாகிறது என்பதையே அது தீர்மானிக்கும். ஐரோப்பிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் அளவுகளை நவம்பர் மாதச் சென்னையில் அப்படியே செய்தால் படலம் வெளுத்துப்போவதில் ஆச்சரியமில்லை. அக்ரிலிக் பெட்டி ஒன்றுக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, மலிவான பொருளானாலும் பரவாயில்லை, ஒரு ஈரமானியும் வைத்து, அதற்குள் இழுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் அன்றைய ஈரப்பதத்தை நோட்டில் குறித்துவையுங்கள்.

சூடாக்குவதில் அவசரம் கூடாது. நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 400 வரை. சி.டி.ஏ.பி. சிதையும்போது மீன் வாடை அடிக்கும், அது ட்ரைமெத்தில் அமீன். ஃபர்னஸைப் புகைக்கூண்டுக்குள் வைப்பது நல்லது. படலம் இறுகும்போது கண்ணாடியோடு ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் சுருங்க முடியாது, தடிமனில் மட்டும்தான் சுருங்கும். வட்டத் துளை நீள்வட்டமாகும். தடிமன் ஒரு மைக்ரானை நெருங்கினால் பெரும்பாலும் வெடித்துவிடும், ஆகவே மெல்லிய அடுக்காகப் பூசிச் சுட்டு, மறுபடி பூசுங்கள். பலர் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று: சி.டி.ஏ.பி. உருளைகள் பெரும்பாலும் கண்ணாடிக்கு இணையாகப் படுத்திருக்கும். ஒளிவிலகல் எண்ணுக்கு அது போதும். ஆனால் மேலிருந்து சாயமோ வாயுவோ உள்ளே இறங்க வேண்டுமென்றால் படுத்த துளையால் பயனில்லை. அதற்கு எஃப்127 தரும் கனசதுர அமைப்பு வேண்டும், அதில் துளைகள் எல்லாத் திசையிலும் இணைந்திருக்கும்.

வெற்றிடப் படிவு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குச் சாய்கோண முறை உண்டு. ஆவி வரும் திசைக்குத் தளத்தை 80 டிகிரிக்கு மேல் சாய்த்துவிட்டால், முதலில் ஒட்டிய மேடுகள் பின்னால் உள்ள இடத்தை மறைத்துவிடும். சாரல் மழையில் சுவருக்குப் பின்னால் தரை நனையாமல் இருக்குமே, அதே கதைதான். மேடுகள் மட்டும் வளர்ந்து தனித்தனித் தூண்களாகும். தளத்தைச் சுழற்றினால் தூண் திருகாணிபோல முறுக்கிக்கொண்டு வளரும். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ராபியும் பிரெட்டும் 1990-களில் இதை வளர்த்தெடுத்தார்கள். 2007-இல் அமெரிக்காவின் ரென்சலியர் கல்வி நிறுவனத்தில் ஷூபர்ட் குழு, சாய்த்துப் படியவைத்த சிலிகாத் தூண்களில் 1.05 வரை ஒளிவிலகல் எண்ணை இறக்கியது. ஏறக்குறைய காற்று. விரலால் தொட்டால் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கடைசிக் கேள்வி, நுண்ணோக்கி இல்லாமல் காட்டுவது. சோல்-ஜெல் படலத்தைச் சிலிக்கான் துண்டின் மேல் இழுத்திருந்தால் தடிமனுக்கேற்ப ஒரு நிறம் தெரியும். அதன் மேல் வாயால் மெல்ல ஊதுங்கள். மூச்சிலுள்ள ஈரம் துளைக்குள் புகுந்து ஒளிவிலகல் எண்ணைக் கூட்டும், நிறம் மாறும், சில நொடியில் பழைய நிறத்துக்கே திரும்பும். துளையில்லாத படலத்தில் வெறும் பனி மூட்டம்தான் படியும். திறந்த, இணைந்த துளைகள் இருப்பதற்கு இதைவிட மலிவான சான்று இல்லை. இதையே நிறமாலைமானியில் செய்து, பிரதிபலிப்பு உச்சங்கள் எத்தனை நானோமீட்டர் நகர்ந்தன என்று வரைபடம் போட்டால் ப்ராஜெக்டில் ஓர் அத்தியாயமே ஆகிவிடும். எலிப்சோமீட்டர் (பிரதிபலித்த ஒளியின் முனைவாக்கத்தை அளக்கும் கருவி) எங்காவது கிடைத்தால் ஒளிவிலகல் எண்ணை அளந்து, தொடக்கத்தில் சொன்ன சமன்பாட்டைத் திருப்பிப் போட்டுத் துளையளவைக் கணக்கிடலாம். ஒரு எச்சரிக்கை: ஈரம் இழுத்த படலத்தை அளந்தால் துளை குறைவாகத் தெரியும். அளப்பதற்குச் சற்று முன் 150 டிகிரியில் காயவைத்து எடுங்கள்.

நுண்துளைச் சிலிக்கானுக்கு எடைக் கணக்கே உண்டு. எச்சிங்கிற்கு முன் ஒரு எடை, பின் ஒரு எடை, படலத்தை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்தபின் ஒரு எடை. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்து, அதை முதலிலிருந்து மூன்றாவதைக் கழித்து வருவதால் வகுத்தால் துளையளவு வந்துவிடும். தராசைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு சதுர சென்டிமீட்டரில் 5 மைக்ரான் தடிமனுக்கு 70 சதவீதம் துளை என்றால் குறையும் எடை 0.8 மில்லிகிராம்தான். மில்லிகிராமில் முதல் தசமத்தோடு நின்றுவிடும் தராசு பத்து சதவீதத்துக்கு மேல் பிழை தரும், இரண்டாம் தசமம் வரை காட்டும் தராசு உள்ள ஆய்வகத்தில் போய் எடை போடுங்கள்.